மூன்றாவது விளக்கு

லாரிக்குக் கூடுதல் விளக்கு எது வாங்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு காலத்தில் அப்படியில்லை. பூந்தமல்லி டீக்கடையில் நாலு டிரைவர்கள் சேர்ந்தால் விளக்குப் பேச்சை எடுக்கிற முதல் ஆள் நான்தான். எனக்குத் தெரியாததே இல்லை என்கிற மாதிரி பேசுவேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகையும் ரோடும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு கிராவல் கொட்டினாலும் அந்த மண் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்றது. பாரிவாக்கத்துக்கு அப்பால் மேட்டு நிலத்தில் வெட்டிய கிராவலை ஆவடிக்கு அனுப்பும் வேலையை என் முதலாளி எடுத்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு லாரி. அதற்கு நான் டிரைவர். என் மனைவியின் தம்பி கிளீனர்.

மச்சான் என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். என்னைவிட ஐந்து வயது சின்னவன், கல்யாணமானவன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் எங்கள் லாரி கரி கியாஸில் ஓடியது. ஸீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு நிற்கும். காலையில் நான் எழுந்து வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவன் கரி போட்டு, ஊதி, முகமெல்லாம் கறுத்து நிற்பான். விளக்கு, தண்ணீர், டயர் எல்லாம் கிளீனர் பொறுப்பு. இன்னும் ஒரு வருஷம் கிளீனராக இருந்தால் டிரைவர் லைசென்ஸுக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக முதலாளி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம்தான் அவனுக்கு உயிர்.

"நேர் ரோட்ல ஒருவாட்டி ஸ்டீயரிங்க குடு மாமே, ஒடச்சிட மாட்டேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நான் கொடுத்ததில்லை. இவன் கற்றுக்கொண்டால் என் இடம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அப்போது வேறு பெயர் வைத்திருந்தேன். முதலாளியின் வண்டி, விளையாட்டு இல்லை என்பேன்.

சிக்கல் தினமும் கடைசி டிரிப்பில்தான். பொழுது சாய்ந்தபின் ஆவடியில் கிராவலை இறக்கிவிட்டு, ஏற்றி இறக்கும் கூலி ஆட்கள் பத்துப் பதினோரு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவர்கள் ஊரும் எங்கள் வீடும் கிராவல் மேட்டுப் பக்கம். மழை தொடங்கியதும் ஏரிக்குள் இருந்த வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்த வழி ஏரிக்கரைதான். ஒரு பக்கம் கரை முட்டத் தண்ணீர், மறுபக்கம் இரண்டு ஆள் பள்ளத்தில் கழனி. நடுவில் மாட்டுவண்டிகள் உழுது போட்ட சேறு. போதாததற்கு, அதிகத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கத்தில் கரை ஒரு திருப்பம் திரும்பும்.

விமானம் வந்து குண்டு போடும் என்ற பீதியில் எல்லா வண்டிக்கும் ஹெட்லைட்டில் தகர மூடி மாட்டச் சொல்லியிருந்தார்கள். மூடியில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல். அதன் வழியாக வரும் வெளிச்சத்தில், நாம் வருகிறோம் என்று எதிரே வருகிறவனுக்குத் தெரியும். எதிரே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தார் ரோட்டில் எப்படியோ சமாளித்தேன். ஏரிக்கரையில் முடியவில்லை. அதனால்தான் தனி விளக்கு வேண்டும் என்று முதலாளியை அரிக்க ஆரம்பித்தேன். அவரும், கரைமேல் மட்டும் எரிக்க வேண்டும், ரோட்டுக்கு வந்ததும் அணைத்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு சம்மதித்தார்.

முதல் விளக்கைப் பட்டணத்துப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். கைப்பிடி வைத்த விளக்கு, திருப்பின பக்கம் திரும்பும். ஏதோ துரையின் காரில் இருந்ததாம். கடைக்காரன் அதைப் பகலில் எரித்துக் காட்டியே என்னை மயக்கிவிட்டான். உயரத்தில் இருந்தால் தூரம் தெரியும் என்று டீக்கடையில் எல்லாரும் சொன்னார்கள். கூரைமேல் மாட்டினேன். தூரத்துப் பனைமரத்தின் மட்டை தெரிந்ததாக மச்சான் சொன்னான். ஆனால் மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் பள்ளத்துக்கு நிழல் இல்லை. சேறும் மேடும் ஒரே மட்டமாகிவிட்டன. பனி இறங்கினால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை. பள்ளம் தெரிய வேண்டுமானால் விளக்கு தாழ இருக்க வேண்டும் என்ற சின்ன விஷயம், இரண்டு தடவை அச்சு தட்டியபிறகுதான் என் மண்டையில் ஏறியது.

இரண்டாவது, மஞ்சள் கண்ணாடி போட்ட அகல விளக்கு. பம்பருக்குக் கீழே கட்டினோம். வண்டி வேகமாக ஓடும்போது நன்றாக எரிந்தது. ஏரிக்கரையில் யார் வேகமாக ஓட்டுவது? ஆமை வேகத்தில் போனால் டைனமோ சுற்றாது, டைனமோ சுற்றாவிட்டால் விளக்கு பீடி நெருப்பளவுக்குச் சுருங்கிவிடும். வெளிச்சம் வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி சறுக்கும். மெதுவாகப் போனால் குருடு, வேகமாகப் போனால் ஏரி. இதை நான் முதலாளியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதுதான் கார்பைடு விளக்கு. கீழ்க் குப்பியில் கார்பைடு கட்டி, மேல் குப்பியில் தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ விழக் கியாஸ் கிளம்பி வெள்ளையாக எரியும். பூண்டு அழுகின மாதிரி நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான் குறை. டைனமோவும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வண்டி நின்றாலும் எரியும். டீக்கடையில் ஒருவனும் இதைச் சொல்லவில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்ற கர்வம் எனக்கு. கொரட்டூரில் ஒரு பழைய மோட்டார் மெக்கானிக்கிடம் போய்ப் பேரம் பேசி வாங்கி வந்தேன்.

அன்று வேலை இல்லை. இருட்டினபிறகு வீட்டுக்குப் பின்னால் நின்ற லாரியில் மச்சான் அதைப் பம்பரில் மாட்டிப் பற்றவைத்தான். நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாடி! பட்டப்பகலாட்டம் கீது மாமே!" என்று குதித்தான். "அதோ பாரு, பனமரத்தாண்ட நரி ஒண்ணு நின்னுகினு நம்மளயே பாக்குது. பாத்தியா?"

நான் பார்த்தேன். விளக்கின் சுடர் தெரிந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் பழுப்பு. அதற்கப்பால் ஒன்றுமில்லை. நரி இல்லை, பனைமரம் இல்லை. பகலெல்லாம் பார்த்த அந்த மரம் எந்தப் பக்கம் என்று நினைவில் தேடினேன்.

"ஆமா, நிக்குது" என்றேன்.

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. முதல் விளக்கிலும் கோளாறு என் கண்ணில்தான். இரண்டாவதிலும் என் கண்ணில்தான். நிழலும் டைனமோவும் பொய்யில்லை. ஆனால் அவற்றை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது வேறொன்றைப் பார்க்காமல் இருப்பதற்காக. கதவைத் திறந்து இறங்கினபோது படி எங்கே என்று காலால் துழாவினேன்.

வீட்டுக்குள் அதற்கு முன்பே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தேடி என் கை தரையில் தடவியதைப் பார்த்து, "இன்னா, மாலக்கண்ணா உனுக்கு?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். செம்பை உதைத்துத் தள்ளினேன். "டிரைவரப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? வாய மூடு" என்று கத்தினேன். அவள் பயந்துபோய்ப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிரைவருக்கு மாலைக்கண் என்று தெரிந்தால் வேலை அன்றோடு சரி. அரிசியே கியூவில் நின்று வாங்குகிற காலத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? ஆனால் ஓட்டினால் பின்னால் இருக்கிற பத்துப் பதினோரு உயிர். இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பேன், தூக்கம் வராது. விடிந்ததும் கண் நன்றாகத் தெரியும், பயம் போய்விடும்.

அதன்பிறகு நான் ஓட்டியது விளக்கை நம்பி இல்லை, மச்சானின் குரலை நம்பி. அவன் முன் மட்கார்டில் உட்கார்ந்து, "ரைட்ல வா மாமே, இன்னும் ரைட்ல. போதும். நேரா போ" என்று சொல்லிக்கொண்டே வருவான். கிளீனர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இவன் ஒரு கெஜத்துக்கு ஒரு தடவை சொன்னான். ஏன் இவ்வளவு சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கவில்லை என்று அவனும் கேட்கவில்லை.

பின்னால் இருக்கிறவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை என்றே நினைத்திருந்தேன். கரை ஏறியதும் பாட்டும் சத்தமும் தொடங்கிவிடும். ஒருவர் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். இறங்கி ஊருக்குள் போகும்போது ஆணும் பெண்ணும் வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு நடப்பார்கள். "இன்னா, கல்யாண ஊர்வலமா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவர்களும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு அமாவாசைக்கு முந்தின நாள். மத்தியானமெல்லாம் மழை பெய்து, ராத்திரி தூறலாக நின்றிருந்தது. ஆவடியிலிருந்து கிளம்பும்போதே கியாஸ் சரியாக வரவில்லை, வண்டி முக்கியது. கரை ஏறி, கார்பைடு விளக்கு எரிய, பாதி தூரம் வந்துவிட்டோம். கலங்கலில் தண்ணீர் வழிந்து விழும் இரைச்சல் கேட்டது. திருப்பம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இரைச்சல் கூடக்கூட மச்சானின் குரல் எனக்குக் கேட்கவில்லை.

வாயசைக்கிறானா, கையைக் காட்டுகிறானா? அவன் முதுகே எனக்குத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி கொஞ்சம் வழுக்கி நின்றது. ரைட்டில் போனால் ஏரியா, லெஃப்டில் போனால் கழனியா, இன்னும் எத்தனை அடி? ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.

மச்சான் ஓடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "இன்னா மாமே? வழி நேரா கீதே. வா."

"முடியாதுடா" என்றேன். "எனக்குத் தெரியல. ஒண்ணுமே தெரியல."

சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. பின்னால் பாட்டு நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, லாரியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார்கள். எப்போதும் முதலில் பாட்டெடுக்கிற பெண், நாற்பது வயதிருக்கும், சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டபடி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே ஆச்சு?"

"எனக்கு ராத்திரில கண்ணு தெரிய மாட்டேங்குதும்மா" என்றேன்.

"எங்களுக்குந்தான் தெரியாது" என்றாள். "இதுல பாதி பேருக்கு வெளக்கு வச்சா கண்ணு போயிடும். அதான் பாடிகினு வர்றோம், யாரு எங்க கீறாங்கன்னு தெரியணுமே. அதான் கையப் புடிச்சிகினு போறோம். ஈரல் துன்னா சரியாப் பூடும்னு சொல்றாங்க. கஞ்சிக்கே வழியக் காணோம், ஈரலுக்கு எங்க போறது? உனுக்காவது கண்ணு தெரியும்னு நம்பித்தானே அண்ணாத்தே தெனமும் ஏறினோம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

கண் தெரிந்தவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. மச்சானுக்கு நேர் ரோட்டில் ஒருநாள் ஸ்டீயரிங்கைக் கொடுத்திருந்தால் இந்த இடத்தில் அவன் ஓட்டியிருப்பான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. பம்பரிலிருந்து விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "எல்லாரும் கையப் புடிங்க. மாமே, நீயும் எறங்கு" என்றான். அவன் இடுப்புத் துண்டை அந்தப் பெண் பிடித்தாள். அவள் கையை நான் பிடித்தேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள். கிண்டல் செய்த அந்த ஊர்வலத்தில் நானும் சேற்றில் கால் வைத்து வீடுவரை நடந்தேன்.

விடிந்ததும் நாங்கள் இருவரும் கரைக்குத் திரும்பினோம். லாரி பாதையின் நட்டநடுவில் நேராக நின்றிருந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. திருப்பத்துக்கு இன்னும் நூறு அடி பாக்கி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மொதலாளி வர்ற நேரம். கேட்டா இன்னா சொல்லப் போற?" என்றான் மச்சான்.

"வெளக்கு எரியலன்னு சொல்றேன்."

அவன் கையிலிருந்த விளக்கைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தான். உள்ளே கார்பைடு கட்டிகள் உருண்டன. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கரையிலிருந்து தண்ணீருக்கு இறங்கினான். கீழ்க் குப்பியைத் திருகிக் கழற்றி, அத்தனை கட்டியையும் ஏரியில் கொட்டினான். தண்ணீர் புஸ்ஸென்று பொங்கியது. பூண்டு நாற்றம் கரைவரை வந்தது. குப்பிக்குள் ஒட்டியிருந்த சுண்ணாம்பை விரலை விட்டு வழித்துக் கழுவி, துண்டால் துடைத்தான்.

"எதுக்குடா?" என்றேன். எதுக்கு என்று எனக்குத் தெரியும்.

"இது உள்ள இருந்தா உன் பேச்சு நிக்காது மாமே. சொம்மா இரு."

முதலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் விளக்கு எரியாத கதையைச் சொன்னேன். அவர் விளக்கை வாங்கித் திறந்து பார்த்தார். காய்ந்து சுத்தமாக இருந்தது. "கார்பைடு எங்கடா?" என்று மச்சானைக் கேட்டார்.

"போட மறந்துட்டேன் மொதலாளி."

ஏரிக்கரையில் பத்து உயிரை ஏற்றிக்கொண்டு வெறும் விளக்கோடு வந்தாயா என்று அவனைக் கன்னத்தில் அறைந்தார். இனி இந்த லாரிப் பக்கம் தலைகாட்டாதே என்றார். கடிதமாவது மண்ணாவது என்றார். என்னைத் தட்டிக்கொடுத்து, சமயத்தில் நிறுத்தினாயே, நல்ல டிரைவர் என்றார். நான் வாயைத் திறந்தேன். என் பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். மூடிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

மழை ஓயும்வரை இருட்டில் கரைமேல் வண்டி வேண்டாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தம்பிக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆட்டு ஈரல் வாங்கி வந்து சமைத்து, என் முன்னால் தட்டைத் தள்ளினாள். பிறகு முருங்கைக்கீரை, மறுபடி ஈரல். ஒரு வருஷமாக லாரியிலேயே கிடந்து, டீயையும் பன்னையும் தின்று ஓட்டிய உடம்பு அது. மூன்று வாரத்தில் ராத்திரி வாசலில் நின்றபோது எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்கு மேலே நட்சத்திரமும் தெரிந்தது. மூன்று விளக்குக்கு அலைந்தவனுக்கு மருந்து கசாப்புக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் ராத்திரி டிரிப் மறுபடி ஆரம்பித்தது. புது கிளீனர் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், என் பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். மச்சானுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கிராவல் மேட்டில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். கூலி ஆட்களில் யார் யார் என்று முதலாளி பார்ப்பதில்லை. பகலெல்லாம் கூடை சுமந்து என் லாரியை நிரப்புவான். ராத்திரி அவர்களோடு பின்னால் ஏறிக்கொள்வான்.

முதல் நாள் ராத்திரி கரை ஏறினோம். கார்பைடு விளக்கு தகதகவென்று எரிந்தது. பாதை, பள்ளம், பள்ளத்தின் நிழல், ஓரத்துப் புல் எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. கலங்கல் திருப்பம் வந்தது. பின்னால் பாட்டு நின்றது. லாரியின் கூரையைக் கையால் தட்டி, தண்ணீர் இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழிய ஒரு குரல் வந்தது.

"ரைட்ல வா மாமே! இன்னும் ரைட்ல! போதும், நேரா போ!"

கண் சரியாகிவிட்டது என்று நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. மூன்று வாரத்து ஈரலில் தீர்ந்துபோன விஷயத்துக்காகத்தான் உன் கடிதம் போயிற்று என்று எந்த வாயால் சொல்வேன்? அவன் சொன்னபடி ரைட்டில் வந்தேன். போதும் என்றதும் நேராக்கினேன். அந்த வேலை முடிகிறவரை ஒவ்வொரு ராத்திரியும் அவன் கத்தினான். ஒவ்வொரு ராத்திரியும், கண் தெரியாதவனைப் போல, அவன் சொன்ன பக்கமே திருப்பினேன்.